மேற்குப் பக்கத்து மூங்கில்

என் மனைவி தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைக்குப் போவாள். அங்கே நிற்கும் மூங்கிலை அண்ணாந்து பார்ப்பாள். பூத்திருக்கிறதா என்று பார்ப்பாள். பூக்கவில்லை என்றால் முகம் தொங்கிவிடும். அவள் உள்ளே போன பிறகு நான் போய்ப் பார்ப்பேன். பூக்கவில்லை என்று தெரிந்தால்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வரும். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, ஒரே மூங்கிலுக்காக இரண்டு பேர் இரண்டு விதமாக வேண்டிக்கொண்டிருந்தோம்.

மூங்கில் பூத்தால் செத்துப்போகும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற மரமெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பூக்கும், காய்க்கும், மறு ஆண்டும் அதே இடத்தில் நிற்கும். முள் மூங்கிலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு மனிதன் பிறந்து, கல்யாணம் செய்து, பேரன் எடுக்கிற காலம் வரை பூ என்றால் என்னவென்றே காட்டாது. பிறகு ஒரு பருவத்தில் மொத்தப் புதரும் பூக்கும். இலையெல்லாம் உதிரும். நெல் போல விதையைக் கொட்டிவிட்டுத் தூரோடு காய்ந்துவிடும்.

நான் ஏணி செய்கிறவன். பெயிண்டர், மின்சார வேலைக்காரர், பழத்தோட்டம் வைத்திருப்பவர் எல்லாரும் என்னிடம் வருவார்கள். நான் செய்யும் ஏணிகளுக்கெல்லாம் கால் கொடுப்பது கொல்லையில் நிற்கும் அந்த ஒரு புதர்தான். அது சாக வேண்டும் என்று கட்டின பெண்டாட்டியே காத்துக்கொண்டிருந்தால் மனிதன் என்ன செய்வான்? "வேலியே பயிரை மேயுது" என்று அவள் காதுபடச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாம் அவளுடைய தம்பியால் வந்தது. அவனுக்கு வீட்டில் எல்லாரும் வைத்த பெயர் அவசரம். மாதம் நிறைவதற்குள் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் கேள்வியை முழுதாகக் கேட்பதற்குள் பதில் சொல்லி அடி வாங்கினவன். அவனுக்கு நடை பழகின கையோடு அவர்கள் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது என் மனைவி. அவளே அப்போது சின்னப் பெண். "என் இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சதே இவனாலதான்" என்பாள். பெருமையாகத்தான் சொல்வாள்.

அந்த அம்மா விட்டுப்போனது இரண்டு. ஒன்று, நாங்கள் இருக்கும் வீடும் கொல்லையும். இன்னொன்று, ஊருக்கு வெளியே கல்லும் சரளையுமாகக் கிடந்த ஒரு சரிவு நிலம். வீடு அக்காவுக்கு, நிலம் தம்பிக்கு என்று சண்டை சச்சரவு இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். கொல்லை மூங்கில் அந்த அம்மா விதை போட்டு வளர்த்தது. என் மனைவி வயிற்றில் இருந்தபோது போட்ட விதையாம். அதனால் மூங்கிலுக்கும் என் மனைவிக்கும் ஒரே வயது. இரண்டுக்கும் முள் உண்டு என்று நான் சொன்னால், "அதான் ரெண்டையும் வெச்சுப் பொழைக்கறீங்களே" என்பாள்.

அவசரம் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். அவன் சுபாவத்துக்கு ஏற்ற வேலைதான். ஆனால் அதையும் அவசரப்பட்டு விட்டுவிட்டான். ஒரு நாள் வந்து நின்று, "அக்கா, சரிவுல மூங்கில் போடப் போறேன். கன்னு குடு" என்றான். கெட்ட யோசனை இல்லை. அந்தச் சரளையில் வேறு எது வரும்? முள் மூங்கில் வரும். ஆடு மாடு உள்ளே நுழையாது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர்கள் தேடி வந்து வாங்கிக்கொள்வார்கள், இதன் கழி கெட்டி. விதை தேடினால் கிடைக்காது. வேர்க்கிழங்கோடு கன்று தோண்டி நட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அந்தச் சீக்கிரம் என்ற சொல்லில்தான் அவன் விழுந்தான்.

முள் மூங்கிலில் கன்று எடுப்பது லேசான காரியம் இல்லை. கீழ்க் கணுக்களிலிருந்து கிளம்பும் கிளைகளில் இலையைவிட முள் அதிகம். வளைந்த முள், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கும். உள்ளே போனவன் சட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். முற்றிய கழிகள் நடுவில் இருக்கும், இளசெல்லாம் வெளிவட்டத்தில். கைக்கு எட்டுகிறதே என்று வெளியே இருப்பதை வெட்டுகிறவன் புதரையே கொன்றுவிடுவான். அதனால் நாங்கள் கிழக்குப் பக்கத்தில் முள்ளை வெட்டி ஒரு வாசல் வைத்திருக்கிறோம், ஆள் குனிந்து போகிற அளவுக்கு. அது வழியாக உள்ளே போய் முற்றலை மட்டும் அறுத்து இழுத்து வருவேன். வாசல் பக்கம் யாரும் தோண்டுவதில்லை, வழி சரிந்துவிடும். இளங்கிழங்கெல்லாம் மேற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கேதான் தோண்டினோம்.

தோண்டினோம் என்று சொன்னேனே தவிர, தோண்டியது அவள். "நீங்க அரிவாளைப் போட்டீங்கன்னா கண்ணு மேல போடுவீங்க" என்று என்னை நம்பாமல், கிழங்கிலிருந்த ஒவ்வொரு முளைக்கும் சேதம் வராமல் தானே கடப்பாரை பிடித்தாள். ஒரு முள் உள்ளங்கையில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. கை வீங்கி, டாக்டர் கீறித்தான் எடுத்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு லாரி நிறையக் கன்று போனது.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் போன் ஓயாது. "அக்கா, நேத்து முழங்கால் உயரம் இருந்துச்சு, இன்னிக்கு இடுப்பு உயரம் வந்துடுச்சு" என்பான். மூங்கில் முளை அப்படித்தான் வளரும். முளைக்கும்போது என்ன பருமனோ அதே பருமனில் விறுவிறுவென்று மேலே போகும். "அதுக்கும் உன்னை மாதிரியே பொறுமை இல்லடா" என்று இவள் சிரிப்பாள். தூரில் மண் அணைத்தாயா, கீழ் முள்ளைக் கழித்தாயா, முளையை மாடு மிதிக்காமல் பார்த்தாயா என்று கேட்டுக் கேட்டுத் துளைப்பாள். அவன் தோப்பு ஆளானது போனிலேயே எங்களுக்குத் தெரியும்.

இந்த வருடம்தான் முதல் வெட்டு. சாரம் கட்டும் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்து, தட்டிப் பார்த்து, எல்லாம் எனக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவசரம் போன் செய்தான். அவன் குரலே மாறியிருந்தது.

"அக்கா, தோப்பு பூத்துடுச்சு."

"என்னடா சொல்றே? நேத்து வெச்ச தோப்பு."

"எல்லாமே பூத்துடுச்சு. ஒண்ணு விடாம. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துட்டு, பூத்த கழி முறியும், அதுல ஆளை ஏத்த மாட்டேன்னுட்டுப் போயிட்டாரு."

அவன் நிறுத்தவில்லை.

"உன்னுது பூத்துருக்கா?"

"இல்லையே."

"அதானே. சாகப் போறத எனக்குக் குடுத்தே. மேற்குப் பக்கத்துல கிடந்த கழிசலை என் தலையில கட்டிட்டு, கிழக்குப் பக்கத்தை நீயே வெச்சுக்கிட்டே. நான்தான் பார்த்தேனே, கிழக்கால கடப்பாரையே படவிடலை நீ."

போனை வைத்துவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே கிளம்பிப் போய் அவன் காதைத் திருகியிருப்பேன். அக்கா இருக்கிறவரைக்கும்தான் மச்சான் உறவு என்பார்கள். அக்கா இருக்கும்போதே அறுத்துக்கொள்கிறானே என்று திட்டினேன். "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். எனக்கு ஆடுவதற்குச் சதை இல்லை, அதனால் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் அவள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. தான் தெரியாமல் கெட்ட கன்றாகக் கொடுத்துவிட்டோமோ என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் இருவருமாக நாற்றுப்பண்ணைக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே பேசினாள்.

"கன்னு எடுத்து நட்டா வயசும் கூடவே வரும்மா. தாய்ப் புதருக்கு என்ன வயசோ அதுதான் கன்னுக்கும். நீங்க நேத்து நட்டிருந்தாலும் அது கிழவிதான்."

"அப்போ எங்க கொல்லையில இருக்கறது?"

"அதுவும் பூக்கும். ஒரு இடத்துல முன்ன பூக்கும், இன்னொரு இடத்துல பின்ன பூக்கும். காய்ஞ்ச நிலமா இருந்தா கொஞ்சம் முந்திக்கும். உங்களுது இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. திரும்பிப் பார்த்தால் என் மனைவி முகத்தில் இரண்டு நாளாக இல்லாத வெளிச்சம். பண்ணை வாசலிலேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். கன்றுக்குத் தாயின் வயசுதான், யார் மேலும் தப்பு இல்லை, அவன் தோப்பும் அவனைப் போலவே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்போ உன்னுது ஏன்க்கா பச்சையா நிக்குது?"

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் போனை எடுப்பதில்லை. அவன் மனைவி மட்டும் எப்போதாவது எடுத்து, அவன் காதில் விழாமல் குசுகுசுவென்று இரண்டு வார்த்தை பேசுவாள். அன்றிலிருந்துதான் இவள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள்.

அவன் தோப்பு இலை கொட்டியது, விதை கொட்டியது, வைக்கோல் நிறத்துக்கு வந்தது என்று அவன் மனைவி சொல்லிச் சொல்லித் தெரிந்துகொண்டோம். எங்கள் மூங்கில் வெட்கமில்லாமல் பச்சையாக நின்றது. மழை வந்தது. வழக்கமாக அந்த மழைக்கு வெளிவட்டத்தில் முளை கிளம்பும். இந்த முறை ஒன்றுகூடக் கிளம்பவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனிக்காதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

ஒரு நாள் காலையில் ஒரு பெயிண்டருக்கு ஏணி வேண்டியிருந்தது. அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு கிழக்கு வாசல் வழியாகக் குனிந்து உள்ளே போனேன். ஏணிக்கு இரண்டு காலும் ஒரே வயதுக் கழியாக இருக்க வேண்டும். ஒன்று இளசு, ஒன்று முற்றல் என்று போட்டால் காய்ந்த பிறகு முறுக்கிக்கொள்ளும். ஜோடி தேடிக்கொண்டு நடுவில் போய் நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கைக்கு எட்டும்படி உள்பக்கமாக வளைந்த ஒரு கிளை. கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாக, பதரைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, நுனியில் மஞ்சள் தூள் ஆட, பூ.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் புதர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அதன் முள்ளை வெட்டி வேலி கட்டினேன், அதன் நிழலில் உட்கார்ந்து படி இழைத்தேன். அழுகை வந்தது, அழுதேன். அதற்குப் பிறகு எனக்கு ஓர் அற்ப யோசனை வந்தது. அந்த ஒரு கிளையை அறுத்து மண்ணுக்குள் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும்? அறுத்தால் பூ நின்றுவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் இது உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். எழுந்து வாளைக் கிளையில் வைத்தேன்.

அப்போது முள் சந்து வழியாக என் மனைவி தெரிந்தாள். வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். கண்ணைச் சுருக்கி உச்சியைப் பார்த்தாள். பச்சை. தலையைத் தாழ்த்திக்கொண்டாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள், கூடவே கண்ணையும் துடைத்தாள். திரும்பி உள்ளே போனாள். நான் இரண்டடி தூரத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

கிளையை அறுத்தேன். கையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, நேராகச் சமையலறைக்குப் போய் அவளிடம் நீட்டினேன்.

"இந்தா. உன் தம்பிக்கு."

முள் என்றுகூடப் பார்க்காமல் வெறுங்கையால் வாங்கினாள். பூவைத் தொட்டாள். தூள் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. சிரித்தாள், உடனே அழுதாள். அதற்குப் பிறகுதான் என் நினைவு வந்தது.

"ஐயோ, உங்க ஏணிக்கு என்ன பண்றது?"

"கழி கடையில கிடைக்கும். வாங்கிச் செஞ்சுக்கறேன். மச்சினனை எந்தக் கடையில போய் வாங்கறது?"

முகத்தைக் கழுவினாள், புடவை மாற்றினாள், அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். கிளையை யாரும் தொடவிடாமல் நிமிர்த்திப் பிடித்தபடியே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் முள்ளைப் பார்த்து எழுந்து வேறு இடம் தேடிப் போய்விட்டார். "இதென்னம்மா, பூவா முள்ளா?" என்று கண்டக்டர் கேட்டார். "ரெண்டும்தாங்க" என்றாள்.

சரிவு நிலத்தைப் பார்த்ததும் எனக்கே அவன் மேலிருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது. வரிசை வரிசையாக வைக்கோல் நிறத்தில் நின்றன. காற்றடித்தால் எலும்புகள் உரசுவது போலச் சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் அவன் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். அவசரம் வந்தான். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அக்காவைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த கிளையைப் பார்த்தான்.

"வர்ற வழியில எங்க தோப்புல ஒடிச்சுட்டு வந்தியா?"

எனக்கு வசவு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். கிளையை அவன் பக்கம் நீட்டி ஒரே வார்த்தை சொன்னாள்.

"இலையைப் பாரு."

அவன் பார்த்தான். பூக்கொத்துகளுக்கு நடுவே இலைகள் இருந்தன. அறுத்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. அவன் தோப்பில் பச்சை இலையைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. ஓர் இலையை விரலால் தடவினான். அறுத்த முனையை முகர்ந்து பார்த்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். தலை நிமிர்ந்தபோது அவன் பார்த்தது என்னை.

"மாமா, அப்போ உங்க ஏணி?"

அதற்கு மேல் எனக்கு அவன் மேல் கோபப்படத் தெரியவில்லை. "நம்ம பொழப்புக்கு என்னடா, படி படியா ஏறிக்கலாம்" என்று ஏதோ உளறினேன்.

அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை மாதம் குசுகுசுவென்று பேசியவள் இப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அண்ணி தினமும் காலைல எழுந்து அவங்க மூங்கிலத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. எப்போ பூக்கும் எப்போ பூக்கும்னு. நான் சொன்னா நீங்க கேட்டாத்தானே."

அவசரம் அக்காவைப் பார்த்தான். "அது செத்துப்போகணும்னு நின்னியா?"

"ஆமா."

"அம்மா வெச்சதாச்சேக்கா."

"அம்மா உன்னையும்தான் என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். சின்னப் பையன் போலத்தான் அழுதான். அவள் கிளையை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு முள் கட்டைவிரலில் ஏறியது. அந்த நேரத்தில் சத்தம் போட்டால் நன்றாக இருக்காது என்று பேசாமல் நின்றேன்.

பிறகு அவன் எங்களைத் தோப்புக்குக் கூட்டிப்போனான். காய்ந்த தூர்களுக்குக் கீழே, மழை பட்ட இடமெல்லாம் புல் முளைத்திருந்தது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் புல் இல்லை. கொட்டின விதையெல்லாம் முளைத்து, விரல் நீளத்துக்கு மூங்கில் நாற்று. மிதிக்காமல் கால் வைக்க இடம் இல்லை.

"இதுக்கு இப்பத்தான்க்கா வயசு ஆரம்பிக்குது. இது யாரோட வயசும் இல்ல. உங்க கொல்லைக்கு எடுத்துட்டுப் போ" என்றான். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியும் களைக்கொத்தும் கொண்டுவந்தான். அவசரம் அவசரம்தான், மூச்சு வாங்கியது. மண்டி போடப் போனவன் நின்றான்.

"எந்தப் பக்கம் தோண்டட்டும்க்கா?"

மேற்குப் பக்கத்தில் சரளைமேல் நாற்று கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. கிழக்கே மண் தேங்கிய பள்ளத்தில் தளதளவென்று அடர்ந்திருந்தது. என் மனைவி இரண்டையும் பார்த்தாள். அவள் கண்ணில் பழைய குறும்பு வந்ததைப் பார்த்தேன்.

"மேற்காலயே தோண்டுடா. நல்லத நீ வெச்சுக்கோ."

அவன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனான். முள் கிடக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வேர்கூட அறாமல், மெதுவாக, மிக மெதுவாகத் தோண்ட ஆரம்பித்தான்.